வேலை முடிந்த பிறகு ஒரு வகுப்பு: சிங்கப்பூரில் பெரியவர்களுக்கான கல்வி

சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 25 வயது ஆனதும் அவர்கள் பெயரில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணத்தைக் கையில் எடுக்க முடியாது, ஏதாவது கற்றுக்கொள்ளத்தான் செலவழிக்கலாம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை என்கிறோமே, அதுதான். 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். ஏன் என்று கேட்டால் ஒருவர் "ஷிஃப்ட் வேலை, எங்கே நேரம்?" என்பார். இன்னொருவர் "எல்லாம் இங்கிலீஷில்தானே நடத்துவாங்க?" என்பார். வயதில் மூத்த அம்மா ஒருவர் "எனக்கு எதுக்கு தம்பி இதெல்லாம், பேரப்பிள்ளை படிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

இந்தப் பதில்களில் பணம் என்ற சொல்லே இல்லை. பெரியவர்களுக்கான கல்வியைப் பற்றி யோசிக்கும்போது நான் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். சிங்கப்பூரில் படிப்புக்குக் காசு கொடுக்கும் ஏற்பாடுகள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வீட்டிலிருந்து வகுப்பறை வரைக்கும் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி இன்னும் முழுமையாகவில்லை. அந்த வழியில் என்ன இருக்கிறது, எங்கே தடுக்கிறது என்பதைப் பார்ப்போம்.

எதைப் பெரியவர்களுக்கான கல்வி என்கிறோம்?

பள்ளிப் பருவம் முடிந்த ஒருவர், வயது எதுவானாலும், மறுபடியும் ஒழுங்காக ஒன்றைக் கற்க உட்காருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். எழுதப் படிக்கக் கற்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. பள்ளியில் விட்டுப்போன 'ஓ' நிலைத் தேர்வை (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) இரவு வகுப்பில் படித்து எழுதுவது, பாதுகாவல் வேலைக்கு உரிமம் பெறப் பயிற்சி எடுப்பது, நாற்பது வயதில் வேலை மாறப் பட்டயப் படிப்பில் சேருவது, சமூக மன்றத்தில் சமையலோ தையலோ பழகுவது, ஓய்வுபெற்ற பிறகு கைபேசியில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்வது எல்லாமே இதற்குள் வரும்.

இங்கே இது நேற்று வந்த யோசனை இல்லை. 1960இல் வயது வந்தோர் கல்வி வாரியம் அமைக்கப்பட்டது. அப்போது நாட்டில் ஏராளமானோர் பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்த்திராதவர்கள். பகலில் பிள்ளைகள் படித்த அதே கட்டடங்களில் மாலையில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், மொழி வகுப்புகள் நடந்தன. மலாய் தேசிய மொழியானபோது அதைக் கற்றுக்கொள்ளப் பெரியவர்கள் கூட்டமாக வந்தார்கள். 1979இல் அந்த வாரியம் தொழிற்பயிற்சிக்கான வாரியம் ஒன்றோடு சேர்ந்தது. அதுதான் 1992இல் இன்றைய தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆனது. இடையில் 1980களில், தொடக்கப்பள்ளி அளவு ஆங்கிலமும் கணக்கும் தெரியாத தொழிலாளர்களுக்காக 'பெஸ்ட்' என்ற திட்டம் வந்தது. ஆலைகள் புதிய இயந்திரங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவரிடம் அந்த இயந்திரத்தை எப்படி ஒப்படைப்பது? அந்தக் கவலையில் பிறந்த திட்டம் என்பதால் சில நிறுவனங்கள் வகுப்பை வேலையிடத்திலேயே நடத்தின. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் இதற்கு வருவோம்.

இன்று தலைமைப் பொறுப்பு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அமைப்பிடம் இருக்கிறது. அது 2016 அக்டோபரில் உருவானது. அதோடு மக்கள் கழகத்தின் சமூக மன்றங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், பகுதிநேரமாகப் படிக்க ஏற்பாடு செய்யும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், தனியார் பயிற்சி நிலையங்கள், நூலகங்கள், தொண்டூழியர்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் என்று ஒரு பெரிய வலை. அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பைக்கூட வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒரு சம்பளச் சீட்டில் எவ்வளவு பாடம் இருக்கிறது

கணக்கு வகுப்பு என்று சொன்னால் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பள்ளியில் தோற்றுப்போன அந்தப் பாடம் மறுபடியும் வந்து மிரட்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நல்ல பெரியவர் வகுப்பு ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கும் காகிதத்திலிருந்தே தொடங்கும்.

2016 ஏப்ரல் முதல், வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. அதில் அடிப்படைச் சம்பளம், கூடுதல் நேரம், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். சீட்டு கைக்கு வருகிறது, சரி. அதில் இருக்கும் எண் சரியா என்று பார்க்க ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டுமே.

மாதச் சம்பளம் வாங்குபவரின் ஒரு மணி நேரக் கூலியைக் கண்டுபிடிக்க மனிதவள அமைச்சு ஒரு முறை வைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டின் சம்பளம். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், இரண்டையும் பெருக்கினால் 2,288 மணி நேரம். ஆண்டுச் சம்பளத்தை அதால் வகுக்க வேண்டும். ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9,600. அதை 2,288ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 வெள்ளி 20 காசு. கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும், அதாவது ஒரு மணிக்கு ஏறத்தாழ 6 வெள்ளி 29 காசு. அந்த மாதம் 20 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்திருந்தால் சீட்டில் அந்த வரியில் ஏறத்தாழ 126 வெள்ளி இருக்க வேண்டும்.

இந்த ஒரு கணக்கில் பெருக்கல், வகுத்தல், தசமம், விகிதம் எல்லாம் வந்துவிட்டன. கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும். படித்தவர் மறுநாளே தன் சீட்டை எடுத்து வைத்துப் பார்ப்பார், தங்குவிடுதியில் பக்கத்துக் கட்டில்காரருக்கும் போட்டுக் காட்டுவார். பெரியவர்கள் கற்கும் விதத்தைப் பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சொன்ன முக்கியமான விஷயமும் இதுதான்: பெரியவருக்கு இதை ஏன் கற்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும், அவருடைய அனுபவமே பாடத்தின் மூலப்பொருளாக இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் "பின்னால் உதவும், இப்போது படி" என்று சொல்லலாம். ஐம்பது வயதுக்காரரிடம் அது எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை.

மொழி வகுப்பும் அப்படித்தான். பாலிகிளினிக்கில் கொடுத்த மருந்து உறையில் எழுதியிருப்பதைப் படிப்பது, வீவகவிலிருந்து (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வந்த கடிதம் எதைக் கேட்கிறது என்று புரிந்துகொள்வது, வங்கியின் பேரில் வந்த குறுஞ்செய்தி உண்மையா மோசடியா என்று கண்டுபிடிப்பது, பிள்ளையின் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசுவது. ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடம் முடித்தோம் என்பதைவிட, இந்த நான்கில் ஒன்றை யார் துணையும் இல்லாமல் செய்தோம் என்பது பெரிய விஷயம். இதுவரை மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன அம்மா ஒரு நாள் தனியாகப் போய்வருகிறார் என்றால், அந்த வீட்டில் எத்தனை பேருடைய நாள் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

என்ன பயன் என்று கேட்டால்

சம்பளம் கூடுவது கண்ணுக்குத் தெரியும் பயன். துப்புரவு, பாதுகாவல், நிலவனப்புத் துறைகளில் நடப்பில் இருக்கும் படிப்படியாக உயரும் சம்பள முறையில், பதவிக்கு ஏற்ப குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறது. அந்தப் பதவிக்கு ஏற்ப முடிக்க வேண்டிய பயிற்சியும் இருக்கிறது. மேலே ஏற வேண்டுமானால் வகுப்பு எடுத்தாக வேண்டும். நம் சமூகத்தில் ஐம்பது, அறுபது வயதில் பாதுகாவல் வேலைக்குப் போகிறவர்கள் கணிசமாக இருப்பதால் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம். சம்பவத்தைப் பார்த்து அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கும், வாயிலில் நிற்க மட்டுமே தெரிந்தவருக்கும் இடையில் அனுபவத்தில் வித்தியாசம் இருக்காது. எழுதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர் இரண்டு பத்தி எழுதத் தயங்குவதால் கீழ்ப்படியிலேயே நிற்பது எனக்கு எப்போதும் மனம் ஆறாத ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத பயன் வேறு. தாயோ தந்தையோ வீட்டு மேசையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. தனியாக வாழும் முதியவருக்கு வாரம் இரண்டு நாள் போக ஓர் இடம் கிடைக்கிறது, அங்கே அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்காக 2016இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளிக் கல்விக்கூடத்தின் வகுப்புகளுக்குப் போனவர்களிடம் கேட்டால், பாடத்தைப் பற்றி இரண்டு வரியும் கூட வந்தவர்களைப் பற்றி இருபது வரியும் சொல்வார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. கற்பதற்கான தைரியம் முக்கால்வாசி அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறது.

கற்றதைப் பயன்படுத்தாவிட்டால் அது தேய்ந்துபோகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரியவர்களின் திறன்களைப் பல நாடுகளில் அளக்கும் ஓர் ஆய்வை ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்துகிறது. 16 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் அதில் பங்கேற்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த முடிவுகளில் சிங்கப்பூர் கணக்கில் 274 புள்ளி எடுத்தது, ஓஇசிடி சராசரி 263. வாசிப்பில் நமக்கு 255, சராசரி 260. இளையவர்கள் நன்றாகச் செய்தார்கள், வயது கூடக்கூடப் புள்ளி இறங்கியது. சிங்கப்பூரில் அந்தச் சோதனை ஆங்கிலத்தில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. தமிழில் சரளமாக நாளிதழ் படிக்கும் ஒரு பெரியவர் அந்தக் கணக்கில் வாசிப்புத் திறன் குறைந்தவராகப் பதிவாகலாம். அதனால் அந்த எண்ணை வைத்து நம் மூத்தவர்களின் அறிவை எடைபோட முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் இயங்கும் ஒரு நாட்டில் அவர்கள் நாள்தோறும் எதை எதிர்கொள்கிறார்கள் என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

யாருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை.

குடிமகனாக இருந்தால் முதலில் சொன்ன 500 வெள்ளி உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி வந்தது. இது எல்லா வகுப்புக்கும் செல்லாது. வேலைக்கு நேரடியாக உதவக்கூடியவை என்று தேர்ந்தெடுக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டும்தான். அதற்கு மேல், 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல வகுப்புகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கப் போகிறவர்களுக்கு, முந்தைய சம்பளத்தில் பாதி என்ற கணக்கில் மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகை தரும் திட்டம் 2025இல் நடப்புக்கு வந்தது. பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு மாதம் 300 வெள்ளி தருவதாகவும் அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள், 2026 தொடக்கத்திலிருந்து. ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது ஏற்பாடுதான் அதிகம் பொருந்தும். ஏனென்றால் வேலையை விடும் துணிச்சல் வீட்டுக்கடன் இருப்பவருக்கு வராது.

நிரந்தரவாசிக்குச் சில வகுப்புகளில் கட்டணச் சலுகை உண்டு. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடையாது. திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்து, கையில் ஒரு பட்டமும் வைத்துக்கொண்டு, பிள்ளை வளர்ப்பில் எட்டு வருடம் கழித்த பெண்கள் பலர் இந்த இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அடிப்படை வகுப்பு இல்லை, பட்டத்தை இங்குள்ள ஒரு வேலையோடு இணைக்கும் சிறு பயிற்சி. வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். இரண்டாவது கிடைக்காமல் முதலாவதும் நின்றுபோவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்களின் வழி முற்றிலும் வேறு. அவர்கள் கற்றல் பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே, ஊரில் ஸ்கில் டெஸ்ட் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. இங்கே வந்ததும் கட்டுமானத் தளத்துக்குள் நுழையப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். 2018 முதல், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு அவர்களுடைய தாய்மொழியிலேயே நடக்கிறது. இங்குள்ள சட்டம், அவர்களுக்கு உள்ள உரிமைகள், உதவி தேவைப்பட்டால் யாரிடம் போவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதுகாப்புப் பாடத்தைத் தமிழில் நடத்துவது உயிரோடு சம்பந்தப்பட்டது. உயரத்தில் நின்று வேலை செய்பவர் கயிற்றை எங்கே கொக்கி மாட்ட வேண்டும் என்பதை அரைகுறையாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

அதற்குப் பிறகு மேலே போக நினைப்பவர்கள் சொந்தக் காசைப் போட்டுத்தான் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா வட்டாரம்) வந்து, சேஃப்டி கோர்ஸ், சூப்பர்வைசர் கோர்ஸ், கணினி, ஆங்கிலப் பேச்சு என்று வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளைப் பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு, கிடைக்கும் ஒரு நாளையும் கொடுக்கிறார்கள். உயர்திறன் ஊழியர் என்ற தகுதி கிடைத்தால், அவருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை குறையும். 2025 நடுப்பகுதி வரை, இங்கே வேலை பார்க்கக்கூடிய காலமும் அதனால் நீண்டது. அதனால் அவர்களுக்குப் படிப்பு என்பது பொழுதுபோக்கு இல்லை. இவர்களுக்குத் தொண்டூழியர்கள் நடத்தும் இலவச வகுப்புகள் எத்தனை வந்தாலும் போதாது என்பது என் கருத்து.

எங்கே தடுக்கிறது?

நேரம்தான் முதல் சிக்கல். பாதுகாவல் வேலையில் 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறிமாறி வரும்போது, செவ்வாய், வியாழன் இரவு 7 மணிக்கு நடக்கும் பத்து வார வகுப்புக்கு அவர் எப்படி ஒழுங்காக வர முடியும்? மூன்றாவது வாரம் ஒரு வகுப்பு தவறும், நான்காவது வாரம் பாடம் புரியாது, ஐந்தாவது வாரம் ஆளே வரமாட்டார். பதிவேட்டில் 'பாதியில் நின்றவர்' என்று எழுதுவார்கள். ஆர்வம் இல்லை என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம். அதே பாடத்தைக் காலையிலும் இரவிலும் இரண்டு முறை நடத்தி, எந்த வாரம் எது வசதியோ அதற்கு வரலாம் என்று விட்டால் பாதிச் சிக்கல் தீரும். செலவு கூடும், உண்மைதான். 1980களில் வகுப்பு வேலையிடத்துக்கே போனதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம், அதே கட்டடத்தில், முதலாளியின் சம்மதத்தோடு நடக்கும் வகுப்புக்கு யாரும் வராமல் இருப்பது அபூர்வம்.

அடுத்து மொழி. அடிப்படை ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே நடத்துவது கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு நல்ல முறை. ஒன்றுமே தெரியாதவருக்கு முதல் நாளே அது கதவை அடைத்துவிடும். தமிழ் தெரிந்த ஆசிரியர் முதல் சில வாரம் தமிழில் விளக்கிவிட்டு, மெல்ல ஆங்கிலத்தின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் ஆள் நிலைத்து நிற்பார். இதற்கு இருமொழியிலும் வல்ல, பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். பெரியவர்களுக்குக் கற்பிப்பவர்களைப் பயிற்றுவிக்கவென்றே 2008இல் தொடங்கிய ஒரு கழகம் இங்கே இருக்கிறது. ஆனாலும் அக்கம்பக்க வகுப்புகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் பகுதிநேரக்காரர்கள், தொண்டூழியர்கள். அவர்களுக்கு வேறு நல்ல வேலை வந்தால் வகுப்பு கைமாறும். கற்பவர் ஓர் ஆசிரியரிடம் பழகி வாயைத் திறக்கவே ஆறு வாரம் ஆகும். ஆள் மாறினால் அந்த ஆறு வாரமும் வீண்.

பிறகு கூச்சம். இதைப் பற்றித்தான் யாரும் திட்ட அறிக்கைகளில் எழுதுவதில்லை. வீட்டில் பெரியவர், வேலையிடத்தில் மூத்தவர், கோயில் குழுவில் நாலு பேர் மதிக்கும் ஆள். அவர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து "எனக்கு இது தெரியாது" என்று மகன் வயது உள்ளவர் முன்னால் சொல்ல வேண்டும். அது சின்ன விஷயம் இல்லை. அதனால் முதல் வகுப்பிலேயே தேர்வு வைத்துத் தரம் பிரிப்பது, சத்தமாக வாசிக்கச் சொல்வது, தவறை எல்லார் முன்னாலும் திருத்துவது ஆகிய மூன்றையும் நான் கூடாது என்பேன். தரம் தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

இணையப் பதிவு இன்னொரு தடை. கணினி கற்க வருகிறவர் சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) நுழைந்து, வகுப்பைத் தேடி, படிவம் நிரப்பிப் பதிந்துகொள்ள வேண்டும் என்றால், கற்க வேண்டியதை முன்னமே கற்றிருந்தால்தான் வகுப்பில் சேரவே முடியும் என்றாகிறது. 2020இல் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உட்கார்ந்து முதியவர்களுக்குக் கைபேசியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது நல்ல மாற்றம். ஒருவருக்கு ஒருவர் என்று நடப்பதால் அங்கே கூச்சமும் குறைவு.

பணம் வந்த இடத்தில் ஏமாற்றும் வந்தது. 2017இல் ஒரு மோசடிக் கும்பல் போலி நிறுவனங்களை வைத்து, நடக்காத பயிற்சிகளுக்கு ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளி கோரிப் பெற்றது வெளியே வந்தது. அதற்குப் பிறகு சரிபார்ப்பு இறுகியது. இறுக வேண்டியதுதான். ஆனால் சரிபார்ப்பு கூடினால் சின்ன அமைப்புகளுக்குக் காகித வேலையும் கூடும். சான்றிதழ் எத்தனை, வருகை எத்தனை விழுக்காடு என்று எண்ணக்கூடியவற்றையே எண்ணத் தொடங்குவார்கள். மருந்து உறையைத் தானே படித்த அம்மா எந்தப் பத்தியிலும் வரமாட்டார். அக்கம்பக்க வகுப்புகளுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இந்த ஒன்றை மாற்றினால் நன்றாக இருக்கும்: மூன்று மாதம் கழித்து, 'இப்போது யார் துணையும் இல்லாமல் எதைச் செய்கிறீர்கள்?' என்று கற்றவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

தொடங்க நினைப்பவருக்கு

வீட்டுக்கு அருகில் உள்ள சமூக மன்றத்துக்கு நேரில் போவதுதான் எளிது. முகப்பில் இருப்பவரிடம் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், தமிழ் பேசும் ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அப்படி ஒருவரைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றும். குடும்பமாக உதவி தேடுகிறவர்கள் பீட்டி ரோட்டில் இருக்கும் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தைக் கேட்கலாம். 1991இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு நம் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை போகிறது, ஆகவே தயங்க வேண்டியதில்லை. படிப்பு என்ற பெயரே இல்லாமல் படிக்க விரும்புகிறவர்களுக்கு நூலகங்களில் தமிழ் வாசிப்புக் குழுக்கள் கூடுகின்றன. எழுதப் படிக்கத் தெரிந்தும் பல வருடமாகப் புத்தகத்தைத் தொடாதவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பணம் கட்டும் முன் நாலு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். எந்த மொழியில் நடத்துவீர்கள்? ஒரு வகுப்பு தவறினால் அதை எப்போது ஈடுசெய்யலாம்? முடிவில் கிடைக்கும் சான்றிதழை எந்த வேலைக்கு, யார் ஏற்றுக்கொள்வார்கள்? ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்துவதாக இருந்தால், அந்த வகுப்பு பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோரிக்கையை வகுப்பு தொடங்கும் முன்பே, உங்கள் சிங்பாஸ் வழியாக நீங்களே சமர்ப்பிக்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. "கடவுச்சொல்லைச் சொல்லுங்க, நாங்களே எடுத்துத் தர்றோம்" என்று கைபேசியில் அழைப்பவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். திரையில் தேடிப் பழக்கமில்லை என்றால் சமூக மன்றத்திலோ நூலகத்திலோ உள்ள மின்னிலக்கத் தூதரிடம் போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார். முதல் முறை கூட யாரையாவது அழைத்துப் போவதும் நல்லதுதான். ஒரே புளோக்கில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து பதிந்தால், ஒருவர் களைத்த வாரம் மற்றவர் கதவைத் தட்டுவார்.